கேள்வி-பதில்: கூரை போட்டார்கள், ஏசி போட்டார்கள், ஆள் எங்கே?

இந்த நுகர்வோர் பகுதிக்கு வந்த சோபா, காப்பீடு, ஓட்டை ஃப்ரிட்ஜ் கடிதங்கள் எல்லாம் அடுத்த முறைக்கு. இந்தத் தடவை வந்ததில் பாதிக்கு மேல் பேஸ்பால் டிக்கெட் பற்றியது, அதுவும் பெரும்பாலும் ஃப்ளோரிடாவிலிருந்து. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊர் மட்டும்.

கே: போன ஜூலையில் ஒரு மத்தியான ஆட்டத்துக்கு நாலு டிக்கெட் எடுத்தோம். திறந்த மைதானம். சின்னவளுக்கு வெயில் தாங்காமல் ஒன்பது இன்னிங்ஸில் மூன்றாவதிலேயே கிளம்பிவிட்டோம். பணம் திரும்பக் கிடைக்குமா? – ஓர்லாண்டோ

ப: கிடைக்காது. டிக்கெட்டில் தேதியும் நேரமும் போட்டிருந்தது. ஃப்ளோரிடாவில் ஜூலை மத்தியானம் எப்படி இருக்கும் என்று யாரும் உங்களுக்குத் தனியாக எழுதித் தர வேண்டியதில்லை. மழைக்கு மட்டும்தான் ஏற்பாடு உண்டு. ஐந்து இன்னிங்ஸ் ஆவதற்கு முன்னால் ஆட்டம் ரத்தானால் பொதுவாக வேறொரு நாளைக்கு டிக்கெட் தருவார்கள். கையில் காசு தருவது அபூர்வம். ஐந்து முடிந்துவிட்டால் அதுவே முழு ஆட்டமாகக் கணக்கு. குழந்தை இப்போது நன்றாக இருக்கிறாள்தானே? இனிமேல் இரவு ஆட்டத்துக்குப் போங்கள்.

கே: திறந்த மைதானத்தில் நிழல் விழும் சீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? – ஜாக்சன்வில்

ப: இப்படிக் கேட்டுவிட்டு வாங்குகிறவர்களுக்குத்தான் பதில் எழுதப் பிடிக்கிறது. பேட்ஸ்மேன் நிற்கும் இடத்திலிருந்து பந்து வீசுபவரைத் தாண்டி இரண்டாம் பேஸுக்கு (பேஸ் என்றால் ஓடுகிறவர் தொட வேண்டிய திண்டு) போகும் கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று பேஸ்பால் விதிப் புத்தகமே சொல்கிறது. சாயங்கால வெயில் பேட்ஸ்மேனின் கண்ணில் அடிக்கக் கூடாது என்பதற்காக. எல்லா மைதானமும் அப்படியே இல்லை, ஆனால் பல மைதானங்கள் அதை ஒட்டித்தான் இருக்கின்றன. அதனால் மத்தியானம் சாயச் சாய, மூன்றாம் பேஸ் பக்கமும் (பந்து வீசுபவரைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம்) பேட்ஸ்மேனுக்குப் பின்பக்கமும்தான் முதலில் நிழலுக்கு வரும். முதல் பேஸ் பக்கமும் வலதுபக்க மூலையும் கடைசிவரை காயும். விலை குறைவாக இருக்கிறதே என்று அந்த மூலையில் வாங்குகிறவர்கள் மிச்சம் பிடித்த காசைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலைப் பல மைதானங்களில் உள்ளே விடுகிறார்கள். அணியின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மயாமி மைதானத்துக்குக் கூரை இருக்கிறது, ஏசி இருக்கிறது, டிக்கெட்டும் மலிவு. ஆனாலும் டிவியில் பார்த்தால் காலி நாற்காலிதான். வெயில் ஊரில் பேஸ்பால் ஓடாது என்கிறார் என் கணவர். சரியா? – மிராமார்

ப: உங்கள் வீட்டுக்காரர் சொல்வது கால்வாசி சரி. மீதி முக்கால்வாசியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். இது எனக்குப் பழைய வயிற்றெரிச்சல்.

முதலில் கால்வாசி. வெயில் உண்மைதான். மே நடுவில் தொடங்கி அக்டோபர்வரை தெற்கு ஃப்ளோரிடாவில் மழைக்காலம். மத்தியானம் ஆனால் இடி இடிக்கும். பேஸ்பால் சீசனோ மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர்வரை, சொந்த ஊரில் மட்டும் 81 ஆட்டம். ஹூஸ்டனில் வெயிலும் கொசுவும் தாங்காமல் 1963-இல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை ராத்திரிக்குத் தள்ளினார்கள், பெரிய லீக்கில் (மேஜர் லீக்) அதுதான் முதல் முறை. இரண்டே வருஷத்தில் அங்கே ஆஸ்ட்ரோடோம் என்று முழுக் கூரை போட்ட மைதானமே வந்துவிட்டது. ஆக, வெயில் செலவு வைக்கும்.

ஆனால் கூட்டத்தை விரட்டியது வெயில்தானா? கணக்கைப் பாருங்கள். மயாமி அணி 1993-இல் பிறந்தது. அப்போது அதன் பெயர் ஃப்ளோரிடா மார்லின்ஸ். கூரையே இல்லாத ஒரு ஃபுட்பால் ஸ்டேடியத்தில், வேகும் புழுக்கத்தில், முதல் வருஷமே 30 லட்சத்துக்கு மேல் டிக்கெட் விற்றது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் 2012-இல் ஆர்லிங்டனில், அதுவும் திறந்த மைதானம்தான், 34 லட்சத்துக்கு மேல் விற்றது. அணி நன்றாக ஆடிக்கொண்டிருந்தது, அதனால் ஜனங்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டே வந்தார்கள்.

இப்போது மயாமிக்காரர்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். 1997-இல் அணி உலகத் தொடரை, அதாவது பெரிய லீக்கின் இறுதிக் கோப்பையை, ஜெயித்தது. உடனே ஓனர் முக்கியமான ஆட்டக்காரர்களை வரிசையாக விற்றார். அடுத்த வருஷம் அதே அணி 108 ஆட்டம் தோற்றது. 2003-இல், வேறொரு ஓனரின் கீழ், மறுபடி உலகத் தொடர். சில வருஷத்தில் மறுபடி விற்பனை. நட்சத்திர பேட்ஸ்மேன் மிகேல் கப்ரேரா டெட்ராய்ட்டுக்குப் போனது 2007 டிசம்பரில். அப்புறம், புது மைதானம் இல்லாமல் நல்ல அணி வைத்திருக்க முடியாது என்றார்கள். சரி என்று 63 கோடி டாலருக்கு மேல் செலவில் மயாமியின் லிட்டில் ஹவானா பகுதியில் திறந்து மூடும் கூரையோடு கட்டினார்கள், பெரும்பகுதி பொதுப் பணத்தில். அந்தக் கோபமும் வரி உயர்வும் சேர்ந்து 2011 மார்ச்சில் கவுன்டி மேயரையே ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கிவிட்டார்கள். மைதானம் 2012 ஏப்ரலில் திறந்தது. ஹோசே ரெயெஸ், மார்க் பர்லி என்று பெரிய பெயர்களாக வாங்கி வைத்திருந்தார்கள். அந்த வருஷம் 22 லட்சம் டிக்கெட் விற்றது. நவம்பரில் அந்த இரண்டு பேரையும் டொரன்டோவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு சீசன்! மறுவருஷம் டிக்கெட் 16 லட்சத்துக்கு இறங்கியது.

இன்னும் முடியவில்லை. 2017-இல் ஓனர் மாறினார். 59 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஜியான்கார்லோ ஸ்டான்டன் அந்த டிசம்பரிலேயே நியூயார்க் யாங்கீஸுக்குப் போனார். அடுத்த மாதம் கிறிஸ்டியன் யெலிச் மில்வாக்கிக்குப் போனார். 2018-இல் அதே விருது யாருக்கு? யெலிச்சுக்கு. மில்வாக்கி சட்டையில்! அந்த வருஷம் மயாமியில் விற்றது 8,11,104 டிக்கெட், ஆட்டத்துக்குப் பத்தாயிரம். கூரையும் இருந்தது, ஏசியும் ஜில்லென்று ஓடியது.

ஒரே கடையில் நாலு தடவை மிக்ஸி வாங்கி, நாலு தடவையும் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு காலி ஜாரை மட்டும் கொடுத்தால் ஐந்தாவது தடவை போவீர்களா? போகாதவரைப் பார்த்து “உனக்குச் சட்னி பிடிக்காது போல” என்று கடைக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? மயாமிக்காரர்களுக்கு பேஸ்பால் பிடிக்காது என்று சொல்வதும் அப்படித்தான். 2023 மார்ச்சில் நாடுகள் மோதும் உலக பேஸ்பால் கிளாசிக் இதே மைதானத்தில் நடந்தது. அமெரிக்கா-ஜப்பான் இறுதி ஆட்டத்துக்கு 36,098 பேர். கியூபா, வெனிசுவேலா, டொமினிக்கன் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது. பேஸ்பால் அவர்களுக்குத் தாய்ப்பால் மாதிரி. நியூயார்க்கிலிருந்து குடியேறினவர்கள் தங்கள் பழைய அணியை மனதில் கட்டிக்கொண்டே வந்தார்கள் என்பதும், ரயில் ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டி இல்லை என்பதும் உண்மை. ஆனால் நம்பிக்கை இருந்தால் ஜனங்கள் ரயில் இல்லாமலும் வருவார்கள். 1993-இல் வந்தார்களே!

கே: டிவியில் “இன்று 9,000 பேர்” என்கிறார்கள். என் கண்ணுக்கு மூவாயிரம்கூடத் தெரியவில்லை. – ஹாலிவுட், ஃப்ளோரிடா

ப: அவர்கள் சொல்வது விற்ற டிக்கெட்டின் எண்ணிக்கை. உங்கள் கண் சொல்வது வந்த ஆட்களின் எண்ணிக்கை. வாங்கிவிட்டு வராதவர்களும் அந்த 9,000-இல் அடக்கம்.

கே: ஒரு அணியின் விற்பனைப் பிரதிநிதி போன் செய்து, மூன்று வருஷ சீசன் டிக்கெட்டுக்குக் கையெழுத்துப் போட்டால் விலை ஏறாது, பார்க்கிங்கும் இலவசம் என்கிறார். போடலாமா? – ஃபோர்ட் லாடர்டேல்

ப: போடாதீர்கள். உங்கள் கைக்கு வருவது நாற்காலி மட்டும். எதிரே யார் ஆடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இருக்காது. மேலே சொன்ன 2012 ஆட்டக்காரர் விற்பனைக்குப் பிறகு பணம் கட்டுவதை நிறுத்திய பல வருஷ ஒப்பந்தக்காரர்கள் சிலர்மேல் மார்லின்ஸ் வழக்கே போட்டது. ஏமாந்தவன்மேலேயே வழக்கு! ஆனால் கையெழுத்துப் போட்ட தாள் யார் பக்கம் பேசும் என்று உங்களுக்கே தெரியும். நான் ஒரு ஜிம்மில் இரண்டு வருஷ ஒப்பந்தம் போட்டு, பதினோரு தடவை போய், இருபத்து நான்கு மாதமும் பணம் கட்டியவள். அதனால்தான் இவ்வளவு உரிமையோடு சொல்கிறேன். வேண்டுமானால் ஒரு வருஷம் மட்டும் எடுங்கள், “தானாகப் புதுப்பிக்கப்படும்” என்ற வரியை அடித்துத் தரச் சொல்லிவிட்டு. அடித்துத் தரமாட்டேன் என்றால், ஆட்டத்தன்று மத்தியானம் ஒரு டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் காலியாக இருக்கும் மைதானத்தில் உங்களுக்கு மட்டும் இடம் இல்லாமல் போய்விடாது.

கே: டாம்பா பே ரேஸ் அணி நன்றாகத்தான் ஆடுகிறது, ஆட்களை விற்றாலும் ஜெயிக்கிறது. அங்கேயும் ஏன் கூட்டம் இல்லை? உங்கள் “நம்பிக்கை” விளக்கம் இங்கே உதைக்கிறதே? – டாம்பா

ப: உதைக்கத்தான் செய்கிறது. போன மாதம் இதே கேள்வியை என் மகனும் கேட்டு மடக்கினான். 2008-லும் 2020-லும் உலகத் தொடர்வரை போன அணி. 2023-இல் 99 ஆட்டம் ஜெயித்துவிட்டு, அக்டோபரில் நாக்-அவுட் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு 19,704 பேர்தான் வந்தார்கள்.

அங்கே பிரச்சினை பாலம். பெயரில் டாம்பா, மைதானம் இருப்பதோ விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். வேலை நாள் சாயங்காலம் ஹோவர்ட் ஃப்ராங்க்லண்ட் பாலத்தில் வண்டி நின்றால் நின்றதுதான். ஒருமுறை நானும் வீட்டுக்காரரும் சாயங்காலம் கிளம்பி, உள்ளே போய் உட்காரும்போது ஐந்தாவது இன்னிங்ஸ். டிக்கெட் பதினெட்டு டாலர், சண்டை இலவசம்.

அந்த மைதானமும் வெயிலுக்குப் பயந்து கட்டியதுதான், திறக்கவே திறக்காத கூரை. 2024 அக்டோபரில் மில்டன் புயல் அந்தக் கூரைத் துணியைக் கிழித்துப் போட்டது. 2025 சீசன் முழுக்க டாம்பாவில் யாங்கீஸின் பயிற்சி மைதானத்தில், வானம் பார்த்தபடி ஆடினார்கள். சுமார் பதினோராயிரம் இருக்கை. ஜூலை, ஆகஸ்ட் வெயிலுக்கும் மழைக்கும் பயந்து லீக் அட்டவணையையே மாற்றி, சொந்த ஊர் ஆட்டங்களில் நிறையச் சீசனின் ஆரம்பத்துக்குத் தள்ளியது. அந்த விஷயத்தில் மிராமார் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒரு மதிப்பெண் கொடுத்துவிடலாம்.

இன்னொன்று. ஃப்ளோரிடாவில் பிப்ரவரி, மார்ச்சில் 15 பெரிய அணிகள் பயிற்சிக்கு வருகின்றன. நல்ல பருவம், சின்ன மைதானம், ஆட்டக்காரர் கைக்கெட்டும் தூரம். ஆசை தீரப் பார்த்துவிட்டு ஆகஸ்டில் ஏன் பாலம் தாண்ட வேண்டும்?

கே: ஊரிலிருந்து வந்த என் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கார் நிறுத்தும் இடத்தில் ஒருவர் அச்சடித்த டிக்கெட் இரண்டு, நூறு டாலர் என்றார். போன் வழியாகப் பணம் அனுப்பினேன். வாசலில் செல்லாது என்றுவிட்டார்கள். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. – ஆர்லிங்டன், டெக்சஸ்

ப: மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்களைத் திட்ட மாட்டேன், அப்பாவோடு போகும் அவசரம் எனக்கும் தெரியும். இப்போது பெரிய லீக் டிக்கெட் கிட்டத்தட்ட எல்லாமே போனில், அந்தந்தச் செயலிக்குள்தான். உங்கள் கணக்குக்கு மாற்றித் தராத டிக்கெட்டை, தாளோ ஸ்க்ரீன்ஷாட்டோ எதுவானாலும், தொடவே தொடாதீர்கள். பணம் அனுப்பிய செயலியிலும் வங்கியிலும் மோசடி என்று இன்றே பதிவு செய்யுங்கள், உள்ளூர் போலீஸிலும். நேரடியாக அனுப்பிய பணம் திரும்புவது கஷ்டம்தான், ஆனாலும் புகார் பதிவாகட்டும். அப்பா ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு ஆட்டத்துக்குக் கூட்டிப் போய்விடுங்கள். 2020-இல் திறந்த அந்தப் புது மைதானத்தில் ஏசி உண்டு, பெரியவருக்குச் சிரமம் இருக்காது.

கே: கழுத்தில் மாட்டும் மின்விசிறி, நாற்பது டாலர், இணையத்தில் வாங்கினேன். இரண்டாவது இன்னிங்ஸில் செத்துவிட்டது. விற்றவர் பதிலே தரவில்லை. – ஹூஸ்டன்

ப: என் மேஜை டிராயரில் அப்படி மூன்று கிடக்கின்றன. ஒன்று முடியையும் பிடித்து இழுத்தது. கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால், விற்றவருக்கு எழுதிய செய்திகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தொகை வந்த பில்லிலிருந்து 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். எழுபதாவது நாள் எழுதிவிட்டு என்னைத் திட்டாதீர்கள். அப்புறம் ஒன்று, ஹூஸ்டன் மைதானத்திலும் ஏசி உண்டு. எதற்கு விசிறி?

கே: பன்னிரண்டு டாலர் என்று போட்டுவிட்டுக் கடைசித் திரையில் பத்தொன்பது கேட்கிறார்கள். – பீனிக்ஸ்

ப: 2025 மே மாதத்திலிருந்து நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுக்குக் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்து மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்பது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் (FTC) விதி. இரண்டு திரையையும் படமெடுத்து ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள்.

கே: பையனுக்கு எந்த ஆட்டக்காரரின் பெயர் போட்ட ஜெர்ஸி வாங்குவது? – மயாமி

ப: பெயரே போடாதது. என் அலமாரியில் ஒன்று தொங்குகிறது, விலைச்சீட்டைப் பிரிப்பதற்குள் அந்த ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டான்.

கே: இவ்வளவு குறை சொல்கிறீர்களே, நீங்கள் போவதுண்டா? – மிராமார், அதே வீடு, இப்போது கணவர்

ப: உண்டு. செவ்வாய்க்கிழமை ராத்திரி, மூன்றாம் பேஸ் பக்கம், பத்து டாலரை ஒட்டின டிக்கெட். முன்னால் மூன்று வரிசை காலி, பக்கத்தில் ஆறு நாற்காலி காலி. ஒன்றில் பை, ஒன்றில் செருப்பு, ஒன்றில் ஸ்வெட்டர். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும், அந்த ஏசி எனக்கு ஒத்துக்கொள்வதில்லை.