பச்சைப் பல்லியும் நத்தைகுத்தி நாரையும்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தேவகோட்டைப் பக்கம். வேலை நிமித்தமாக அந்தமானுக்கு வந்து போர்ட் பிளேயரிலேயே (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) குடியேறிவிட்டேன். சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் அடிக்கடி ஓட வேண்டிய வேலை. ஒவ்வொரு முறை தீவுக்குத் திரும்பும்போதும் மனசுக்குள் ஒரு குதூகலம். வீட்டுச் சுவரில் பட்டப்பகலில் ஓடுகிற பச்சைப் பல்லி, கடலோரத்தில் வட்டமடிக்கும் வெள்ளை வயிற்றுக் கழுகு, காட்டோரத்து மரத்தில் சிவப்புக் கொண்டையோடு தட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு மரங்கொத்தி, இவற்றைப் பார்த்தபிறகுதான் வீடு வந்து சேர்ந்த நினைப்பே வருகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அப்படி ஒன்றும் தோன்றுவதில்லை. பொட்டல், சீமைக்கருவேலம், பூட்டிய வீடுகள். பிறந்த மண்ணுக்கு நான் துரோகம் செய்கிறேனா? நீங்களும் ஊர் சுற்றுகிறவர், செட்டிநாட்டுக்கே திரும்புகிறவர். அங்கே உங்களுக்கு அப்படி என்ன இருக்கிறது?

அப்புறம் இன்னொன்று. ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை ராஸ் தீவுக்குக் கூட்டிப்போனால் அங்கே புள்ளிமான்களுக்குத் தீனி கொடுக்க ஆசைப்படுகிறார்கள். மனைவி கூடாது என்கிறாள். எது சரி?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பிக்கு,

துரோகமெல்லாம் ஒன்றும் இல்லை. கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போவதையே பிழைப்பாக வைத்திருந்த சீமை இது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் மூன்று வருஷக் கணக்கில் கப்பலேறிப் போன மேலாட்கள், முதலாளிக்காகக் கடையைப் பார்த்துக்கொண்டவர்கள், கணக்கு முடித்து ஊர் திரும்பினார்கள். அங்கிருந்து வந்த தேக்கு இன்றும் நம் முகப்புகளில் தூணாக நிற்கிறது. அந்தத் தேக்கு வளர்ந்த காட்டில் என்ன பறவை கத்தியது, ரங்கூனில் அவர்கள் கடை வைத்துத் தங்கிய கிட்டங்கிச் சுவரில் என்ன பல்லி ஓடியது என்பதைப் பேரேட்டில் யாரும் எழுதி வைக்கவில்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். படிக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

உங்கள் பச்சைப் பல்லி லேசுப்பட்டதில்லை. அந்தமான் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது கிடையாது. அதன் நெருங்கிய சொந்தங்கள் எல்லாம் மடகாஸ்கர், மொரீஷியஸ், சேஷல்ஸ் பக்கம் இருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் அந்தக் கரையில் ஒரு குடும்பம், இந்தக் கரையில் தனியாக ஒரே ஒரு கிளை. நம் வீட்டுப் பல்லி இருட்டியபிறகு குழல்விளக்கடியில் வேட்டைக்கு வரும். இது வெயிலில் வருகிறது, முதுகில் செம்புள்ளிகளோடு.

ஆனால் உங்கள் சந்தோஷம் அது அரிய பிராணி என்பதால் வருகிறதென்று நான் நினைக்கவில்லை. அதைவிட அரிய ஒன்று உங்கள் தீவுக்கூட்டத்திலேயே இருக்கிறது. நார்கொண்டம் இருவாச்சிப் பறவை. சுமார் ஏழு சதுர கிலோமீட்டரே உள்ள ஒரே ஒரு தீவுதான் அந்த இனம் முழுவதற்கும் வீடு. பெட்டை மரப்பொந்துக்குள் தன்னை வைத்து அடைத்துக்கொண்டு முட்டையிடும். சேவல் பழம் கொண்டுவந்து சின்னத் துவாரம் வழியாக ஊட்டும். அதை நாளைக்கே நீங்கள் பார்த்தாலும் வியப்பு வருமே தவிர, வீடு வந்த நினைப்பு வராது. பல்லி எந்த ஜன்னல் ஓரத்தில் எத்தனை மணிக்கு வரும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கொல்கத்தாவில் இருந்த நாட்களிலும் அது அந்த நேரத்துக்கு அங்கே வந்துதான் போயிருக்கும். அந்தப் பழக்கத்தைத்தான் வீடு என்கிறோம். அதை எங்கே சம்பாதித்தாலும் அது நியாயமான சொத்து.

அந்தப் பழக்கத்தை நம் ஊரோடு நீங்கள் இன்னும் தொடங்கவில்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் படுகிறது. பொங்கலுக்கு வருகிறீர்கள், காரில் ஏறிப் பங்காளி வீடு, மாமன் வீடு என்று சுற்றுகிறீர்கள், கிளம்பிவிடுகிறீர்கள். அந்தமானில் அப்படி நாலு நாள் தங்கிப்போகிற சுற்றுலாக்காரருக்கும் பல்லி கண்ணில் படாது.

எனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். காரைக்குடியில் விடியற்காலை ரயிலை விட்டு இறங்கி ஊருக்கு வரும் வழியில் மயில் அகவுவது முதலில் காதில் விழும். தெருவுக்குள் வந்தால், நீங்கள் சொன்ன அந்தப் பூட்டிய வீடுகளில் ஒன்றின் மேல்மாடி ஜன்னலில் கூகை என்கிற ஆந்தை ஒன்று தூங்கப் போகிற நேரம். ஆளில்லாத வீடு என்று நாம் சொல்கிறோம். எலி பிடித்துக்கொண்டு தலைமுறையாக அங்கே அது குடித்தனம் நடத்துகிறது. வீடு பூட்டிக் கிடப்பதில் எனக்கும் வருத்தம்தான். கூகையைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதல்.

குளித்துவிட்டு நேரே கண்மாய்க்கரைக்குப் போய்விடுவேன். அங்கே ஓரத்துச் சேற்றில் நத்தைகுத்தி நாரை நிற்கும். அதன் மூடிய அலகின் நடுவில் பாக்குவெட்டியில் இருப்பது போல ஓர் இடைவெளி தெரியும். நுனி மட்டும்தான் சேரும். தண்ணீருக்குள் தலையை விட்டுத் துழாவி நத்தையை எடுக்கும். கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் செருகி, சதை ஓட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தை அறுக்கும். ஒரு குலுக்கு, சதை வெளியே வந்துவிடும். பெரும்பாலும் ஓடு உடைவதுகூட இல்லை. கரையில் கிடக்கும் காலி ஓடுகளைக் கையில் எடுத்துப் பாருங்கள், பலவும் முழுசாக இருக்கும். இதில் இன்னோர் ஆச்சரியம், குஞ்சுக்கு அந்த இடைவெளியே கிடையாது. வளர வளரத்தான் வரும்.

பொட்டல் என்றீர்கள். அந்தப் பொட்டலில் நிற்கும் பனையை ஒரு சாயங்காலம் அண்ணாந்து பாருங்கள். பனை உழவாரன்கள் சுழன்று சுழன்று பறக்கும். தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் இறகுகளைத் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் குருவி அது. பாராடாங் குகைகளில் உங்கள் ஊர் உழவாரன் முழுக்க எச்சிலாலேயே கூடு கட்டுகிறதே, விலை அதிகம் என்று ஆட்கள் திருடப் போவார்களே, அதன் உறவுக்காரன்தான் நம் பனையில் இருப்பது. கடற்பசுவும் இரண்டு பக்கத்துக்கும் பொது. உங்களுக்கு அது மாநில விலங்கு. இங்கே பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் அதற்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள். நம் கண்மாய்க்கரையிலிருந்து அந்தக் கடல் ரொம்பத் தூரமில்லை.

தீவு வேண்டும் என்றால் அதுவும் இருக்கிறது. நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய்கள். 1977-இல் சரணாலயமாக்கினார்கள். மழை பெய்து தண்ணீர் ஏறினால் மரங்கள் தண்ணீருக்கு நடுவே நிற்கும். கீழிருந்து பூனையோ கீரியோ ஏற முடியாத அந்த மரங்களில் நாரையும் வக்காவும் கொக்கும் கிளைக்குக் கிளை கூடு கட்டும். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. குஞ்சுகள் மிரளக் கூடாது என்று பல காலமாக அப்படி. அதற்காக வனத்துறை அவர்களுக்கு இனிப்பு கொடுக்கிறது. வெடி கேட்டு அழும் குழந்தையை அந்த ஊர்த் தாய்மார் எப்படிச் சமாளிக்கிறார்களோ, அவர்களை நினைத்தால் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது. அந்தப் பறவைகளும் பயணிகள்தாம். அவை திரும்பி வர ஓர் இடம் இருப்பது இவர்களால்.

மான் விஷயத்தில் உங்கள் மனைவி சொல்வதே சரி. புள்ளிமான் அந்தமானுக்குச் சொந்தமில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னப் புலி, சிறுத்தை எதுவும் அங்கே இல்லாததால் பெருகி, முளைத்து வரும் கன்றுகளை மேய்ந்து காட்டை மறுபடி தழைக்க விடாமல் செய்கிறது. நாம் வேறு பிஸ்கட்டும் ரொட்டியும் கொடுக்க வேண்டாம், அது மானின் வயிற்றுக்கும் கெடுதல். வருகிற சொந்தக்காரர்களை வீட்டு வாசலிலேயே அரைமணி நேரம் உட்கார வைத்துப் பல்லியைக் காட்டுங்கள்.

அடுத்த முறை பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வாருங்கள். பைனாகுலர் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் என்னுடையது இருக்கிறது. மழை பொய்த்த வருஷம் கண்மாயில் நாரை இறங்காது. அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். தண்ணீர் கிடக்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்