வெண்டை வேரில் முடிச்சு, பழி ஒலிவக் கன்றுக்கு

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் வெண்டை போட்டிருக்கிறேன். மதியமானால் செடி துவண்டுவிடுகிறது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. பக்கத்தில் தொட்டியில் ஓர் ஒலிவக் கன்றும் உண்டு. ஸ்பெயின் ஒலிவத் தோப்புகளில் வேரைத் தாக்கும் நூற்புழு என்ற நுண்புழுக்களைப் புதுப்புதிதாகக் கண்டுபிடிக்கிறார்களாமே, அதில் ஒன்று கன்றோடு வந்துவிட்டதா? எப்படி அடையாளம் காண்பது? பயமாக இருக்கிறது.

பதில்: கன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் படித்தது உண்மைதான். தெற்கு ஸ்பெயினில் காட்டு ஒலிவ வேர்களில் இருந்த மெலாய்டோகைன் பேட்டிகா என்ற வேர்முடிச்சு நூற்புழுவை 2003இல் புது இனமாக அறிவித்தார்கள். ஆனால் வெண்டையில் முடிச்சு விழ அவ்வளவு தூரத்திலிருந்து புழு வர வேண்டியதில்லை. அதே வகையைச் சேர்ந்த, வெப்ப நாடுகளில் எங்கும் இருக்கும் இன்காக்னிட்டா என்ற இனமே போதும். வெண்டை, கத்தரி, தக்காளி, பாகல் எதையும் அது விடாது.

இனம் எது என்று வீட்டில் சொல்ல முடியாது. மண்ணில் திரியும் இளம்புழு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. முடிச்சைக் கீறி உருப்பெருக்கியில் பார்த்தால் பேரிக்காய் வடிவில் வெள்ளையாகப் பெண்புழு தெரியும். அதன் பின்பக்கத் தோலை வெட்டியெடுத்து, வரிகளை நுண்ணோக்கியில் பார்த்து, மரபணுவையும் ஒப்பிட்ட பிறகுதான் புது இனம் என்று அறிஞர்களே வாய் திறப்பார்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. போன தடவை போட்ட செடியின் வேரை என்ன செய்தீர்கள்? நம் தோட்டங்களில் காய்ப்பு முடிந்ததும் தண்டை வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் உரக்குழியில் போடுகிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஒரு பெண்புழு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மண் குளிர இங்கே பனிக்காலம் கிடையாது, ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். அதனால் தோட்ட முள்கரண்டி போட்டு மண்ணைக் கிளறி, சல்லி வேர் வரைக்கும் எடுத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நோய் இல்லாத செடியானாலும் இப்படியே செய்யுங்கள்.

கடைக்காரர் 'நூற்புழு மருந்து' என்று ஒரு போத்தலை நீட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் இல்லையென்றால் காசைக் கொடுக்காதீர்கள். நூற்புழுவைத் தாங்கும் தக்காளி விதை என்பார்கள். அந்த எதிர்ப்புச் சக்தி மண் சூடு 28 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். வெயில் படும் நம் பாத்தி அதைச் சுலபமாகத் தாண்டும். வேப்பம் புண்ணாக்கு நல்லதுதான், ஆனால் துவண்ட செடியை அது மீட்காது. செண்டுமல்லி உதவும், மூலைக்கு ஒன்றாக நட்டால் உதவாது. பாத்தி முழுக்க நெருக்கமாக நட்டு, களை விடாமல் இரண்டு மாதம் வளருங்கள். அதுவரை அங்கே வெண்டை வேண்டாம்.

சரி, ஒலிவத்துக்கு வருவோம். தொட்டியைச் சாய்த்து வேரைப் பாருங்கள். முடிச்சு இல்லையென்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள், குளிர் கிடைக்காத ஊரில் காயை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தொட்டி மாற்றும்போது பழைய மண்ணை வெண்டைப் பாத்தியில் கொட்டிவிடாதீர்கள்.