இனியெஸ்டாவின் குதிகால்

போன இதழில் பார்சிலோனாவுக்கும் ஸ்பெயினுக்கும் நடுக்களத்தில் ஆடிய கால்பந்து வீரர் ஆந்த்ரேஸ் இனியெஸ்டாவைப் புகழ்ந்து போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த வாரப் பக்கத்தை முழுசாகப் பிடித்துக்கொண்டன.

வாசகர், காரைக்கால்: ஸ்பெயினுக்காக 131 ஆட்டத்தில் 13 கோல். எங்கள் ஊர் ஃபார்வேர்ட் ஒரே சீசனில் அவ்வளவு அடிப்பான். இவரை ஏன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?

சண்டைக்கு வருகிறீர்கள், சந்தோஷம். நான் பி.டி. வாத்தியார் ஆவதற்கு முன் கல்லூரி அணியில் ஆடியதும் நடுக்களத்தில்தான். அப்போது ‘ஹாஃப்’ என்போம். மூன்று வருஷத்தில் போட்டது இரண்டு கோல், அதில் ஒன்று சேம் சைடு. அதனால் என் பதிலில் கொஞ்சம் சொந்தக் கோபமும் கலந்திருக்கும்.

2010 ஜூலை 11, ஜோகனஸ்பர்க்கில் ஸ்பெயினும் நெதர்லாந்தும் மோதிய உலகக் கோப்பை இறுதி ஆட்டம். நமக்கு நடுநிசி. 116-வது நிமிடத்தில் இனியெஸ்டா போட்ட கோலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வீடியோவைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஹெசூஸ் நவாஸ் வலது ஓரமாகப் பந்தை ஓட்டிக்கொண்டு வருகிறார். நெதர்லாந்துக்காரர்கள் சூழ்ந்துகொள்ள, பந்து நழுவி இனியெஸ்டாவிடம் வருகிறது. குதிகாலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். பந்து ஃபாப்ரகாஸிடம் போய், மறுபடி நவாஸிடம் வந்து, அங்கிருந்து இடது பக்கம் டாரஸுக்குப் போகிறது. டாரஸ் உள்ளே அனுப்பியதை நெதர்லாந்தின் வான்டர்வார்ட் அரைகுறையாகத் தடுக்கிறார். மறுபடி ஃபாப்ரகாஸ். அதற்குள் நம்மாள் சந்தடியில்லாமல் பெனால்டி பெட்டிக்குள் வலது பக்கம் வந்து நிற்கிறார். பந்து வந்ததும் பதறி அடிக்கவில்லை. அது தரையில் பட்டு எழும்பி, காலுக்குத் தோதாக இறங்கும்வரை காத்திருந்தார். அப்புறம் வலது காலால் ஒரு வெட்டு. கீப்பர் ஸ்டெகலன்பர்க்கின் கையில் பட்டும் பந்து நிற்கவில்லை.

கணக்கில் ஏறியது கடைசி உதை மட்டும். குதிகால் தட்டுக்கு ஸ்கோர் அட்டையில் கட்டமே கிடையாது. உங்கள் ஊர் ஃபார்வேர்டுக்குப் பந்து கொடுப்பவன் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

வாசகி, நாகர்கோவில்: அந்தக் கோல் போட்டதும் சட்டையைக் கழற்றினாரே, உள்ளே போட்டிருந்த பனியனில் என்ன எழுதியிருந்தது?

‘டானி ஹார்கே, எப்போதும் எங்களோடு.’ ஹார்கே எஸ்பான்யோல் அணியின் கேப்டன். எஸ்பான்யோல் என்பது பார்சிலோனாவின் உள்ளூர் எதிரி. ஆனால் இரண்டு பேரும் ஸ்பெயினின் இளையோர் அணிகளில் இருந்தே சிநேகிதர்கள். 2009 ஆகஸ்டில் இத்தாலியில் பயிற்சி முகாமுக்குப் போன இடத்தில் ஹார்கேவின் இதயம் நின்றுவிட்டது. வயது 26.

இனியெஸ்டா அப்போது தொடைக் காயத்தோடு இருந்தார். அந்த வருஷம்தான் செல்சிக்கு எதிராக 93-வது நிமிடத்தில் கோல் போட்டு பார்சிலோனாவை ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதிக்குக் கூட்டிப்போனவர், கோப்பையும் கிடைத்தது. அப்படிப்பட்ட வருஷத்தில்தான் மனச்சோர்வில் விழுந்தார். பிற்பாடு அதை ஒளிக்காமல் பேசினார்.

சட்டையைக் கழற்றியதற்கு நடுவர் ஹோவர்ட் வெப் மஞ்சள் அட்டை காட்டினார். விதி அப்படி, அவரைக் குறை சொல்ல முடியாது. அதே 2010 டிசம்பரில் எஸ்பான்யோல் தங்கள் சொந்த மைதானத்தில் பார்சிலோனாவிடம் 1-5 என்று உதை வாங்கியது. அன்றைக்கும் அந்த ரசிகர்கள் இனியெஸ்டாவுக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வாசகர், மதுரை: வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டி’ஓர் விருது ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே?

மெஸ்ஸி அதே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்தாரே! 2010-ல் மெஸ்ஸி முதல், இவர் இரண்டு, சாவி மூன்று. மூவரும் பார்சிலோனாவின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். அந்த வருஷம் இவருக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

வாசகர், திருச்சி: வசதியான வீட்டுப் பிள்ளையா?

இல்லை. அப்பா கொத்தனார். ஸ்பெயினின் அல்பசேத்தே மாகாணத்தில் ஃபுவென்தெஆல்பில்யா என்ற சின்ன ஊர். 1996-ல் புருனேதே என்ற ஊரில் நடந்த சிறுவர் போட்டியில் அல்பசேத்தே அணிக்காக ஆடியபோது பார்சிலோனா ஆட்கள் கண்ணில் பட்டார். பார்சிலோனாவின் இளையோர் பயிற்சி விடுதியான லா மாசியாவில் சேர்ந்தபோது 12 வயது. முதல் நாள் ராத்திரி அழுதுகொண்டே இருந்தாராம். வாழ்க்கையிலேயே மோசமான நாள் அது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட எனக்கு இது நன்றாகத் தெரியும். முதல் நாள் சாப்பாட்டில் தட்டைப் பார்த்தாலே போதும். சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார்கள், வாய்க்குப் போகாது.

வாசகர், யாழ்ப்பாணம்: கடைசிக் காலத்தில் ஜப்பானுக்குப் போனது பணத்துக்காகத்தானே?

பணமும் உண்டு, மறைப்பானேன். 2017-ல் பார்சிலோனாவோடு ஆயுள் ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மறு வருஷமே விஸ்ஸெல் கோபேவுக்குப் போனார். ஆனால் பார்சிலோனாவுக்கு எதிராக ஆட வேண்டிய எந்த இடத்துக்கும் போகமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். அதனால் ஐரோப்பாவே கழிந்தது. கோபேவில் ஐந்து வருஷம் இருந்து பேரரசர் கோப்பை ஜெயித்தார். அப்புறம் அமீரகத்தில் ஒரு சீசன். 2024 அக்டோபர் 8-ஆம் தேதி ஓய்வு. பார்சிலோனாவில் அவருக்குப் பேர் வாங்கித்தந்த சட்டை எண்ணும் 8.

வாசகி, ஓசூர்: என் மகனுக்குப் பதிமூன்று வயது. உயரம் போதாது என்று பயிற்சியாளர் வெளியே உட்கார வைக்கிறார். என்ன செய்யட்டும்?

அம்மா, இனியெஸ்டா 171 சென்டிமீட்டர்தான். சாவியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதற்காக உயரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. கார்னர் பந்து வரும்போது குட்டைப் பையன் பாடு திண்டாட்டம்தான். ஆனால் பதிமூன்று வயதில் அதை வைத்துப் பையனை உட்கார வைப்பது அவசரம்.

பந்து வருவதற்கு முன்பே சுற்றிலும் பார்த்துக்கொள்ளும் பழக்கம் வர, வீட்டில் ஒன்று செய்யுங்கள். பையன் சுவரில் பந்தை அடித்துத் திரும்ப வாங்கட்டும். நீங்கள் அவனுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுங்கள். பந்து காலுக்கு வந்து சேர்வதற்குள் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் தப்புத் தப்பாகச் சொல்வான், பந்தும் தெருவுக்கு ஓடும். விடாதீர்கள். சரியாக வந்த பிறகு இடது பக்கம் நில்லுங்கள், அப்புறம் வலது, அப்புறம் அவன் எதிர்பார்க்காத பக்கம். ஒரு மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள்.