டார்பிடோ விமானங்கள்: கேட்டதும் சொன்னதும்

கே: டார்பிடோ (நீருக்குள் ஓடிக் கப்பலைத் தாக்கும் ஆயுதம்) போட்ட முதல் விமானம் எது?

எதில் முதல் என்று சேர்த்துக் கேளுங்கள். போரில் கப்பலைத் தாக்கியதில் என்றால், பிரிட்டனின் ஷார்ட் 184. 1915 ஆகஸ்ட் 12, முதல் உலகப் போர், துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணைப் போர்முனை. பென்-மை-க்ரீ கப்பல் சுமந்து போன மிதவை விமானம். கடலில் இறக்கிவிட்டால் நீரிலிருந்து எழும்பும். 14 அங்குல விட்டமுள்ள டார்பிடோவோடு எழும்பத் திணறும் என்பதால் விமானி எட்மண்ட்ஸ் தனியாகவே போனார். பெட்ரோலும் முக்கால் மணி நேரத்துக்குத்தான்.

கே: மிதவைக்குப் பதில் சக்கரம் வைத்தால் போதாதா?

நல்ல கேள்வி. அன்றைய விமானங்களில் இரு சக்கரங்களையும் ஒரே அச்சுத்தண்டு இணைக்கும். வயிற்றில் தொங்கும் டார்பிடோவை விட்டால் நேரே அதில்தான் இடிக்கும். பிரிட்டனின் சாப்வித் நிறுவனம் செய்த குக்கூ விமானத்தில் அச்சை இரண்டாகப் பிரித்து நடுவே வழி விட்டார்கள். 1916 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி மர்ரே சூட்டர் கேட்டது, 1917 ஜூனில் பறந்தது. ஒரே விமானி, 18 அங்குல டார்பிடோ, பின்னால் மடங்கும் சிறகுகள். ஆனால் கப்பலில் இறங்கும்போது பிடித்து நிறுத்தும் கருவி கிடையாது. எழும்பலாம், திரும்புவது கரைக்குத்தான். 1918 அக்டோபரில் ஆர்கஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள், நவம்பரில் போரே முடிந்துவிட்டது. பந்தல் போட்டதும் கல்யாணம் நின்ற கதை.

கே: முதல் டார்பிடோ விமானம் குக்கூதானே?

எதில் முதல்? மேலே படியுங்கள்.

கே: மட்டக்களப்புக்கு அருகே பிரிட்டனின் ஹெர்மிஸ் விமானம்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தது டார்பிடோவா?

இல்லை. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் பாய்ந்து இறங்கிப் போட்ட குண்டுகள்.

கே: பேர்ல் ஹார்பர் பற்றி...

மூன்றாவது ஆள் நீங்கள். இங்கே பேச்சு ஆரம்பகாலம். ஒன்று மட்டும்: 1921இல் பிரிட்டனிலிருந்து பயிற்சி தரப் போன செம்பில் குழு குக்கூவை ஜப்பானுக்குக் கொண்டுபோனது. மிட்சுபிஷியின் பி1எம் டார்பிடோ விமானத்தை வடிவமைத்த ஹெர்பர்ட் ஸ்மித்தும் பழைய சாப்வித் ஆள்தான்.

கே: எட்மண்ட்ஸ் அடித்தது ஏற்கெனவே பிரிட்டிஷ் நீர்மூழ்கி இ-14 அடித்து, தரைதட்டிக் கிடந்த கப்பல். அதையா முதல் என்கிறீர்கள்?

தாக்கியதில் என்றுதான் எழுதினேன், மூழ்கடித்ததில் என்றல்ல. திருப்தியில்லையென்றால் ஆகஸ்ட் 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று டேக்கர் என்ற விமானி எஞ்சின் மக்கர் செய்து கடலில் இறங்கிவிட்டார். அப்படியே படகுபோல ஓட்டிப் போய் ஒரு இழுவைக் கப்பல்மீது டார்பிடோவை விட்டார். பாரம் போனதும் விமானம் எழும்பிவிட்டது!

கே: அப்படியானால் அது விமானத் தாக்குதலே இல்லையே?

ஐயா, அவரே திரும்பி வந்தால் கேட்டுச் சொல்கிறேன்.