சனி, ஞாயிறு ரயில் ஓடாவிட்டால் மாதப் பாஸ் கட்டுப்படியாகுமா?

கேள்வி: தினமும் மெட்ரோவில்தான் வேலைக்குப் போகிறேன். சனிக்கிழமையும் வேலை உண்டு. கொஞ்ச காலமாக வாரக்கடைசி வந்தாலே பராமரிப்பு என்று பாதித் தடத்தை மூடிவிடுகிறார்கள். மாற்றுப் பேருந்தில் போனால் நேரம் இரட்டிப்பாகிறது. 30 நாள் பாஸுக்கு முழுப் பணமும் கட்டியிருக்கிறேன். ரயில் ஓடாத நாட்களுக்குப் பணம் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். ஆனால் ‘முன்கூட்டியே அறிவித்துவிட்டோமே’ என்ற பதில் வரக்கூடும், அதற்குத் தயாராகப் போங்கள். இழப்பீட்டு விதிகள் பெரும்பாலும் எதிர்பாராத தாமதத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த ரயில் பயணிகள் விதிகளையே பாருங்கள். 60 நிமிடத் தாமதத்துக்கு டிக்கெட் விலையில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50 சதவீதம் தர வேண்டும். ஆனால் டிக்கெட் வாங்கும் முன்பே தாமதத்தைச் சொல்லியிருந்தால் ஒன்றும் கிடையாது. நகர ரயில்களுக்கு விலக்குக் கொடுக்கவும் உறுப்பு நாடுகளுக்கு இடம் இருக்கிறது.

அந்த ‘வாங்கும் முன்பே’ என்பதுதான் உங்களுக்குப் பிடி. பாஸ் வாங்கிய தேதியையும் மூடல் அறிவிப்பு வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாஸ் முதலில், அறிவிப்பு பிறகு என்றால் ‘சொல்லிவிட்டோம்’ என்ற வாதம் உங்களிடம் எடுபடக் கூடாது. அறிவிப்பைப் படம் எடுத்து வையுங்கள். எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை, எந்தெந்த நாள் என்று குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள். பணம் தர மறுத்தால், ஓடாத நாட்களைப் பாஸின் கடைசியில் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். இது நியாயமான கோரிக்கை. பணம் வாங்கிக்கொண்டு சேவையைக் குறைப்பவர்கள் இதையாவது தாங்களாகவே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த பாஸ் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பாஸின் விலையைத் தனி டிக்கெட்டின் விலையால் வகுத்தால், எத்தனை பயணத்தில் பணம் தேறும் என்று தெரியும். 46 என்று வருகிறது, நீங்கள் மாதம் 26 நாள் போய் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 52 பயணம், லாபம்தான். நான்கு சனிக்கிழமை டாக்ஸியில் போக நேர்ந்தால் 44 ஆகிவிடும், அப்போது தனி டிக்கெட்டே மலிவு. மாற்றுப் பேருந்தில் பாஸ் செல்லும், நீங்களும் அதில்தான் போகிறீர்கள் என்றால் அந்தப் பயணங்களைக் கழிக்க வேண்டாம்.

அப்புறம், பாஸ் தொடங்கும் கிழமையையும் கவனியுங்கள். திங்களன்று தொடங்கும் 30 நாளில் நான்கு சனி, நான்கு ஞாயிறு. வார நாள் 22. சனிக்கிழமை தொடங்கினால் ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. வார நாள் 20 தான். மூடல் தொடர்கிற காலத்தில் சனிக்கிழமை பாஸ் புதுப்பிக்காதீர்கள்.

கேள்வி: இரவில்தான் ரயில் ஓடுவதில்லையே, வேலையை அப்போதே முடிக்கக் கூடாதா?

பதில்: முடிகிறதை அப்போதுதான் முடிக்கிறார்கள். இரவில் கிடைப்பது நான்கைந்து மணி நேரம். அதிலும் மின்சாரத்தை நிறுத்துவது, கருவிகளை இறக்குவது, காலையில் தண்டவாளத்தைச் சோதித்துத் திருப்பித் தருவது எல்லாம் போக மிச்சம் கொஞ்சம்தான். தடம் பிரியும் இடத்தை மாற்றவோ கான்கிரீட் போட்டு இறுகவிடவோ அது போதாது. 24 மணி நேரமும் ரயில் ஓடும் நியூயார்க்கில் அந்த இரவு இடைவெளிகூட இல்லை. ஆகவே மூடுவதைக் குறை சொல்ல மாட்டேன். மாற்று ஏற்பாட்டைத்தான் சொல்வேன். ஒரு ரயிலில் பல நூறு பேர் வருகிறார்கள். நின்றுகொண்டு போனாலும் ஒரு பேருந்தில் 70, 80 பேருக்கு மேல் ஏற முடியாது. ஒரு ரயில் கூட்டத்துக்கு இரண்டு பேருந்தை நிறுத்திவிட்டு மாற்று ஏற்பாடு என்று சொல்வது பயணிகளுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: மொபைல் வரைபடம் ரயில் உண்டு என்றது. போனால் நிலையத்தில் ஷட்டர் இறக்கியிருந்தது. வேறு வழியாகப் போனதில் கார்டில் இரண்டு முறை கட்டணம் பிடித்துவிட்டார்கள்.

பதில்: வரைபடச் செயலிகள் பெரும்பாலும் ரயில் நிர்வாகம் தரும் கால அட்டவணைக் கோப்பை வைத்துத்தான் வழி சொல்கின்றன. மூடலை அதில் சேர்க்காமல் விட்டால், செயலி வழக்கமான நேரத்தையே காட்டும். வாரக்கடைசிக்கு மட்டும் நிர்வாகத்தின் சொந்த அறிவிப்புப் பக்கத்தை வெள்ளிக்கிழமை இரவு ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எந்த நிலையம் வரை ஓடுகிறது, இரண்டு திசையிலும் மூடலா, ஒன்றில் மட்டுமா என்பதுதான் முக்கியம்.

இரட்டைக் கட்டணம் வேறு விஷயம், இதை விடாதீர்கள். மூடிய பகுதிக்கு முன்னால் வெளியே வந்து, அதைத் தாண்டி மறுபடி உள்ளே போனால், கேட் அதை இரண்டு தனிப் பயணமாக எடுத்துக்கொள்ளக்கூடும். கார்டின் பரிவர்த்தனை விவரத்தை எடுங்கள். வெளியேறிய நேரம், திரும்ப நுழைந்த நேரம், இரண்டு நிலையத்தின் பெயர், அன்றைய மூடல் அறிவிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் புகார் கொடுங்கள். சலுகை கேட்பதாகத் தயங்க வேண்டாம், இது கணக்கில் நேர்ந்த பிழை. புகாருக்குக் கெடு இருக்கலாம் என்பதால் அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். இனிமேல் மாற்றுப் பேருந்தில் ஏறும்போது, கார்டைத் தட்ட வேண்டுமா என்று ஊழியரிடம் கேட்டுவிட்டுத் தட்டுங்கள்.