தொழிற்கல்வி மாணவருக்கு வாசிப்பு எதற்கு? – கேள்வி பதில்

பிளஸ் டூ தொழிற்கல்வியில் எலக்ட்ரிக்கல் பிரிவு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகன் பிளஸ் ஒன் எலக்ட்ரிக்கல் படிக்கிறான். வேலை நன்றாக வருகிறது, புத்தகத்தைத்தான் தொட மாட்டேன் என்கிறான். வேலை தெரிந்தால் போதாதா சார்? (ஒரு தாய், ஓசூர்)

வீட்டு ஒயரிங் வரைக்கும் ஓரளவு சமாளிப்பான் அம்மா. கம்பெனிக்குள் போனால் முடியாது. 5 எச்பி மோட்டார் ஒன்றின் நேம் பிளேட்டில், அதாவது விவரம் பொறித்த தகட்டில், 415 வோல்ட், 7.5 ஆம்ப், 1440 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 1440 சுற்று), ஐபி 55, கிளாஸ் எஃப் என்று இருக்கும். மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் அதை நிறுத்திவிடுவது ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே. அதை அந்த ஆம்ப் அளவைப் பார்த்துத்தான் செட் செய்ய வேண்டும். கூட்டி வைத்தால் மோட்டாரின் காயில் (கம்பிச் சுருள்) கருகும். குறைத்து வைத்தால் சும்மா சும்மா ட்ரிப் ஆகி மோட்டார் நின்றுவிடும். ஐபி 55 என்றால் தூசிக்கும் தண்ணீர் பீய்ச்சலுக்கும் தாங்கும். கிளாஸ் எஃப் என்றால் இன்சுலேஷன் 155 டிகிரி வரை தாங்கும். உள்ளங்கை அளவுத் தகட்டில் இத்தனை இருக்கிறது. பையனுக்கு நாவல் வேண்டாம், முதலில் இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

மேனுவல் முழுக்க இங்கிலீஷ். என்ன செய்வது சார்? (மாணவர், பிளஸ் டூ)

முதல் பக்கத்திலிருந்து யார் படிக்கச் சொன்னது தம்பி? பொருளடக்கத்தைப் பார். கோளாறு, காரணம், தீர்வு என்று ஓர் அட்டவணை பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும். உனக்கு வேண்டிய வரி அங்கே கிடைக்கும். அப்புறம், கட்டம் கட்டிய எச்சரிக்கைகளைத் தாண்டிப் போகாதே.

பாடம் முடிக்கவே நேரமில்லை. வாசிப்புக்குத் தனி பீரியட் எங்கே போவது? (ஆசிரியர்)

தனி பீரியட் வேண்டாம். பிராக்டிகலில் வாயை மூடிக்கொள்ளுங்கள்! செய்முறையைத் தாளில் எழுதிக் கொடுத்து, அதைப் பார்த்தே இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சரிபார்த்த பிறகுதான் சப்ளை. நாம் வாயால் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்து பழகிவிடுகிறார்கள். ரெக்கார்டு நோட்டோ சீனியர் நோட்டின் நகல். இரண்டு வருடம் இப்படிப் போனால், கம்பெனியில் செய்ய வேண்டிய வேலையை எழுதிய ஜாப் கார்டைக் கையில் கொடுத்ததும் பையன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைத்தான் பார்ப்பான். இதில் மாணவரைவிட நமக்கே பொறுப்பு அதிகம் என்பது என் கருத்து.

நான் நர்சிங் பிரிவு. எங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியம் அம்மா. பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. டாக்டர் 250 மி.கி. என்று எழுதினால் ஒன்றில் 10 மில்லி, மற்றதில் 5 மில்லி. லேபிளைப் படிக்காமல் அளந்தால் மருந்து இரட்டிப்பாகவோ பாதியாகவோ போகும்.

தமிழே திக்கித் திக்கிப் படிப்பவர்களுக்கு?

அவர்களுக்குத் தமிழிலேயே தொடங்க வேண்டும். கரண்ட் பில், மிக்சி வாரண்டி அட்டை, மருந்துச் சீட்டு என்று வீட்டில் கிடக்கும் தாள்கள் போதும். படித்ததும், "இதை வைத்து இப்போது என்ன செய்வாய்?" என்று கேளுங்கள்.

அப்ரண்டிஸ் சேரப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் போடுவார்கள். எந்த டிரேடு (தொழில் பிரிவு), எத்தனை மாதம், உதவித்தொகை எவ்வளவு என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. உனக்கு 18 வயது ஆகவில்லை என்றால் ஒப்பந்தத்தில் உன் பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். அவருக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடு.