இயல் எண்களை மாற்றி அடுக்கி எத்தனை ஜோடிகளைத் தலைகீழாக்கலாம்?

1, 2, 3 என்று முடிவில்லாமல் போகும் எண்களை வேறு வரிசையில் அடுக்கி, எல்லா ஜோடியிலும் பெரியது முன்னால் வரும்படி செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரி முதல் வருடமாக இருக்கும். "இன்ஃபினிட்டியில் எதுவும் நடக்கும்" என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

எல்லா ஜோடியையும் மாற்ற முடியாது. முதல் இடத்தில் ஒரு கோடியை வைத்தாலும் அதைவிடச் சிறியவை 99,99,999தான். அவை தீர்ந்ததும் பெரியது வந்தே ஆக வேண்டும்.

சரி, எவ்வளவு நெருங்கலாம்? குடியாத்தத்தில் டியூஷன் எடுக்கிறேன். கைலி நெய்யும் வீட்டுப் பெண் ஒருத்தி, பதினொன்றாவது. இதைச் சொன்னதும், "சார், 10லேருந்து 1 வரை இறங்கிட்டு, அப்புறம் 1010லேருந்து 11 வரை இறங்கினா?" என்றாள். உட்கார்ந்து போட்டோம். 1010 எண்களில் 5,09,545 ஜோடிகள். மாறாதவை முதல் பத்துக்கும் அடுத்த ஆயிரத்துக்கும் இடையிலான 10,000 மட்டும். அதாவது 98 சதவீதம் தலைகீழ்! அடுத்ததாகப் பத்து லட்சம் எண்களை அதே மாதிரி இறக்கினால் 99.8. தொகுதிகளை வேகமாகப் பெருக்கிக்கொண்டே போனால் 100ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம்.

"நடுவுல நிறுத்தி எண்ணினா, சார்?" இதையும் அவளேதான் கேட்டாள். 20 இடங்களோடு நிறுத்தினால் 190 ஜோடியில் 90தான் தலைகீழ். ஒவ்வொரு புதிய தொகுதியும் பழைய மொத்தத்தின் அளவுக்கு வளரும்போது கணக்கு பாதிக்கு விழுந்து, பிறகுதான் ஏறுகிறது.

விழாமல் 100க்குப் பக்கத்திலேயே நிறுத்தும் வரிசை உண்டா? கிடையாது. இடங்களை 2, 4, 8, 16 என்று இரட்டிக்கும் கூட்டங்களாகப் பிரியுங்கள். சதவீதம் 100ஐ நெருங்கி அங்கேயே தங்கினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கூட்டத்தின் நடு எண்ணும் (கூட்டத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் வருவது) முந்தைய கூட்டத்தின் நடு எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இரண்டு கூட்டங்களுக்கும் இடையிலான ஜோடிகளில் கால் பங்காவது மாறாமல் நின்றுவிடும். இயல் எண்களில் அப்படி முடிவில்லாமல் இறங்க முடியாது.

லிமிட் வரையறை எங்கே என்று சிலர் வருவார்கள். முதல் இத்தனை இடங்களுக்குள் இருக்கும் ஜோடிகளில் எத்தனை சதவீதம் என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட அளவு. வேறு அளவு எடுத்தால் வேறு விடை வரலாம், அதற்குச் சண்டை வேண்டாம்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் நர்சிங் என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலூர்ப் பக்கம் நன்றாகப் படிக்கும் பெண் என்றாலே அதுதான் பேச்சு. நர்சிங் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, என் தங்கையே நர்ஸ். ஆனால் யாரும் சொல்லிக் கொடுக்காமல் "நடுவுல நிறுத்தினா?" என்று கேட்ட பிள்ளையிடம், கணக்கு படிக்கிறாயா என்று அந்த வீட்டில் ஒருவர்கூட இதுவரை கேட்கவில்லை.